நன்றியுரையில் விட்டுப்போன வரி

1

இந்தக் கதை ஒரு சோம்பேறித்தனத்தில் பிறந்தது. யாருடையது என்று நீங்கள் தேட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். என்னுடையதுதான்.

நான் வேலூரில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவில் டைப்பிஸ்ட். பிரிவின் பெயரைச் சொன்னால் நாளைக்கே மெமோ வரும், அதனால் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்னால், 1967 ஆகஸ்டில், ஆம்பூர்ப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றி ஓர் அறிக்கைக்கு ஸ்டென்சில் வெட்டினேன், அதாவது பிரதி எடுக்கிற மெழுகுத் தாளில் டைப் அடித்தேன். நாற்பத்தொரு பக்கம். கடைசிப் பக்கம் நன்றியுரை. பெரியவர்களுக்கெல்லாம் வரிசையாக நன்றி அடித்துக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு வரி பாக்கி இருக்கும்போது பக்கம் நிரம்பிவிட்டது. ஒரு வரிக்காக இன்னொரு ஸ்டென்சிலை மாட்டி, நாற்பத்திரண்டு என்று எண் போட்டு, நடுவில் அந்த வரியை மட்டும் அடித்து... மணி ஐந்து இருபது. சத்துவாச்சாரி பஸ் ஐந்தரைக்கு. வரியை விட்டுவிட்டேன்.

அந்த வரி இது: 'தண்ணீர் மாதிரிகளைச் சேகரித்ததோடு, கணக்கையும் காப்பாற்றிக் கொடுத்த திரு. அமீர் பாஷா அவர்களுக்கு.'

அறிக்கை நூற்றைம்பது பிரதி போனது. யாரும் கேட்கவில்லை. எழுதியவர் மட்டும் கேட்டார். அவர் பெயர் மனோரமா, எங்கள் பிரிவில் புள்ளியியல் உதவியாளர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அவர் மத்தியானம் டிபன் பாக்ஸோடு என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, அமீர் பாஷா என்ன செய்தார் என்று ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

மூன்று தடவை தொடங்கினேன்.

'பாலாற்று மணலில் மாலை வெயில் பொன்னாக...' [நிறுத்தினேன். மனோரமா சொன்னதில் வெயிலே கிடையாது.]

'மனிதன் நிலவில் கால் வைத்துவிட்ட இந்நாளில், மின்னணு விந்தையாம் கணிப்பொறியானது...' [பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.]

'குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்த ஒரு பெண், அப்பாவின் தறிச் சத்தத்தில்...' [இதை மனோரமாவே கோடு போட்டு அடித்தார். "தறியைப் பத்தி எழுதறதுன்னா தறியைப் பத்தி எழுதுங்க சார். இது கார்டைப் பத்தின கதை" என்றார்.]

எழுத எழுத அவரிடம் கொடுத்துப் படிக்க வைக்கிறேன் என்பதை இப்போது நீங்கள் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். அவர் அடித்த சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். ஒரு வரியை ஒளித்ததற்கு இதுதான் எனக்குத் தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

ஆம்பூருக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஓர் ஊர். அங்கே கிணற்றுத் தண்ணீர் வருடத்துக்கு வருடம் கரித்துக்கொண்டே வந்தது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அமீர் பாஷா அந்த ஊர்க்காரர். ஒரு டேனரியில் அசார்ட்டர், அதாவது பதனிட்டு வந்த தோலைத் தொட்டுப் பார்த்து இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரித்துப் போடுகிறவர். அவர் மனைவி நசீமுன்னிசா குடிதண்ணீருக்காகக் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போவார். ஒரு நடை என்றால் போக ஒன்றரை மைல், வர ஒன்றரை மைல்.

அந்த ஊருக்கு ஒரு போர்வெல் சாங்ஷன் ஆனது. ஒன்றே ஒன்று. எங்கே போடுவது என்பதில்தான் தகராறு. பஞ்சாயத்து பிரசிடெண்டு ஜம்புலிங்கம் தன் தென்னந்தோப்பு ஓரத்தில் என்றார். அமீர் பாஷாவின் தெருக்காரர்கள் தெருக்கோடியில் என்றார்கள். இப்படிப் பதினோரு இடம் சொல்லப்பட்டது. எந்த இடத்தில் உப்பு கம்மியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்து, மனோரமாவின் மேசையில் உட்கார்ந்தது.

அமீர் பாஷா இரண்டு வருடம், மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை, சுற்றுவட்டாரத்தில் அறுபத்து நான்கு கிணறுகளிலிருந்து பாட்டிலில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வெள்ளிக்கிழமை டேனரிக்கு லீவு. தன் தெருவுக்கு நல்ல தண்ணீர் வரும் என்பதற்காகத்தான் செய்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

கமிட்டி கூடுகிற திங்கட்கிழமைக்குள் மனோரமாவின் கையில் பதினோரு எண்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தென்னந்தோப்பு. கதையில் எனக்கு அங்கே இங்கே அலைகிற பழக்கம் உண்டு. நீங்கள் இந்தத் திங்கட்கிழமையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

4

ஒரு கிணற்றில் உப்பு ஏற ஒன்பது காரணங்கள் என்று மனோரமா வகுத்திருந்தார். ஆழம், ஆற்றிலிருந்து தூரம், கழிவுநீர் வாய்க்காலிலிருந்து தூரம், அடியில் பாறையா மண்ணா, இப்படி. ஒன்பதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை. பிரித்தெடுக்க வேண்டும். கைப்பிடி சுற்றுகிற கணக்கு மெஷினில் மூன்று வாரம் சுற்றினார். ஒரு கிணற்றில் உப்பு பூஜ்யத்துக்கும் கீழே என்று வந்தது. மறுபடி மூன்று வாரம். வேறு விடை வந்தது, தோள்பட்டை வலியும் வந்தது.

அப்புறம்தான் சென்னைக்குப் போனார். அங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் இருந்தது. நம் பத்திரிகைகள் அதை 'மின் மூளை' என்று எழுதுகின்றன. மனோரமா சொல்வது வேறு. "அதுக்கு ஒண்ணுமே தெரியாது சார். ஒவ்வொரு வாட்டியும் முதல்லேர்ந்து சொல்லணும்." துளை போட்ட அட்டைகளால்தான் அதோடு பேச வேண்டும். முதலில் பழைய கணக்கையெல்லாம் துடைத்துவிட வேண்டும். அப்புறம் நாம் எழுதுகிற மொழியை அதற்குப் புரிய வைக்கும் அட்டைக்கட்டு. அப்புறம் நம் கட்டு, கணக்கை எப்படிப் போடுவது என்பது. கடைசியில் கிணறுகளின் விவரம் உள்ள அட்டைகள். இந்த வரிசையில் ஒரு அட்டை இடம் மாறினாலும் ஒரு விளக்கு எரியும், மெஷின் நின்றுவிடும்.

மனோரமா எழுதிய கட்டு இரண்டு தடவை நின்றது. ஒன்பது காரணங்களைப் பிரித்தெடுக்கிற அந்த நடுப்பகுதிதான் தகராறு. அவருக்கென்று கிடைத்த மெஷின் நேரமெல்லாம் அதில் போனது. மெஷின் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி என்பவர் சொன்னார்:

"அந்தப் பகுதிய ஏம்மா நீங்களே எழுதிட்டு இருக்கீங்க? எழுதி முடிச்சவங்க இருக்காங்க. லெட்டர் போட்டா அனுப்புவாங்க."

"யாரு சார்?"

"யாரோ. இந்த மெஷின் வச்சிருக்கறவங்கல்லாம் சேந்து ஒரு லைப்ரரி மாதிரி வச்சிருக்காங்க. உங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கலாம், உங்ககிட்ட இருக்கறத குடுக்கலாம்."

லெட்டர் போட்டு நாலு மாதம் கழித்து, கடல் தாண்டி ஒரு பார்சல் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள், ஆறு பக்கத்தில் ஒரு குறிப்பு. இந்தப் பெயரால் கூப்பிடு, உன் எண்களை இருபதுக்கு இருபது கட்டத்தில் வைத்துக் கொடு, விடையை அதே கட்டத்தில் வைத்துத் திருப்பித் தருவேன் என்று தெளிவாக எழுதியிருந்தது. மனோரமாவின் கட்டம் ஒன்பதுக்கு ஒன்பது. அவர் அதைப் பெரிதாக்கினார். தான் எழுதிய நடுப்பகுதி அறுபது அட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அந்தப் பெயரைக் கூப்பிடுகிற ஒரே ஒரு அட்டையை வைத்தார்.

குறிப்பின் அடியில் எழுதியவர் பெயர் இருந்தது. மனோரமா அதைப் பார்த்தபடி வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாராம். எங்கேயோ யாரோ ஒருவர் தன் மூன்று வாரத்தையும் தோள்வலியையும் முன்னாலேயே பட்டு முடித்துவிட்டு, அடுத்து வருகிறவள் படவேண்டாம் என்று கட்டி வைத்திருக்கிறார். 

(இதை எழுதும்போது எனக்கும் ஒன்று தோன்றியது. இந்தக் கதையில் நல்ல இடமெல்லாம் மனோரமா சொன்னது. நான் பெயரைக் கூப்பிடுகிற அட்டை மட்டும்தான்.)

5

அமீர் பாஷாவை எழுதத்தான் எனக்குப் பயம். நான் அவரை இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன், பாட்டில்களோடு வராந்தாவில் நிற்கும்போது. முதல் வரைவில் தாடி வைத்தேன். "அவருக்குத் தாடி கிடையாது சார்." எடுத்தேன். இரண்டாவது வரைவில் அவரைத் தத்துவமாகப் பேச வைத்தேன். மனோரமா சிரித்தார். அதையும் எடுத்தேன். மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார், வேலூரிலிருந்து பாட்டிலோடு வருகிற எந்தப் பெண்ணும் டாக்டர்தான் என்று நினைத்து மனோரமாவை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார். மனோரமா ஆறு மாதம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

சென்னைக்குப் போகிற வாரம், புதன்கிழமை, மனோரமா காலிப் பாட்டில்களைத் திரும்ப வாங்க ஆம்பூர் போனார். அட்டைகளை ஆபீஸில் விட்டுவர மனமில்லாமல் துணிப்பையில் வைத்திருந்ததைப் பார்த்து அமீர் பாஷாவுக்குப் பொறுக்கவில்லை.

"இத்த இப்பிடியா எடுத்தும் போவாங்க? எங்கிட்ட குடுங்க டாக்டரம்மா. தகரப் பொட்டிக்கு உள்ளார ஆட்டுத்தோல் வச்சு, ஈரம் படாம எடுத்தாறேன். வெள்ளிக்கெழம நானும் மெட்ராஸ் வர்றேன், லீவுதான."

மனோரமா கொடுத்துவிட்டார். கடல் தாண்டி வந்த நூலகக் கட்டு, தன் கட்டு, கிணற்று அட்டைகள், எல்லாம் தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்டு.

அந்த ராத்திரி அமீர் பாஷா ஒரு காரியம் செய்தார். தோல் தரம் பிரிக்கிற ஒருவரால்தான் அந்தத் தவறைச் செய்ய முடியும். முடிந்த தோலை அவர்கள் இறுக்கிக் கட்டி வைக்கவே மாட்டார்கள். கட்டினால் வரி விழும், வரி விழுந்தால் தரம் இறங்கும். மட்டமாக விரித்து, தளர்வாக அடுக்க வேண்டும், அதுதான் மரியாதை. அவர் ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு பொட்டலத்தில் பத்திரமாக மடித்து வைத்து, அட்டைகளை ஆட்டுத்தோல் மேல் நாலு அடுக்காக வைத்து மூடினார். என் ஸ்டென்சிலை யாரும் அத்தனை அக்கறையாகத் தொட்டதில்லை.

6

வெள்ளிக்கிழமை காலை காட்பாடி ஜங்ஷன். ஆம்பூரிலிருந்து வருகிற அதே வண்டியில் மனோரமா இங்கே ஏற வேண்டும். இன்ஜின் தண்ணீர் பிடிக்க வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அமீர் பாஷா அவரைத் தேடி இறங்கினார். பெட்டியைத் தனியாக சீட்டில் விட்டுவர மனமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டே இறங்கினார். கூட்டத்தில் ஒரு தள்ளுவண்டியின் முனை பெட்டியில் இடித்தது. கொக்கி கழன்றது.

[இங்கே ஒரு மழை எழுதியிருந்தேன். மழை வந்தால் அட்டை ஊறும், கதை அங்கேயே முடிந்துவிடும். அடித்துவிட்டேன்.]

மனோரமா மேம்பாலப் படிக்கட்டில் இறங்கி வரும்போது பார்த்தது, பிளாட்பாரம் முழுக்கச் சிதறிக் கிடந்த அட்டைகளும், அதற்கு நடுவில் முழங்காலிட்டு, இரண்டு கையையும் விரித்து ஜனங்களைத் தடுத்துக்கொண்டிருந்த அமீர் பாஷாவும்.

அப்புறம் நடந்ததை மனோரமா சொல்லும்போது கண் கலங்கினார். போர்ட்டர்கள் குனிந்தார்கள். குடியாத்தத்துக்குப் போக நின்றிருந்த மூட்டைக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டுக் குனிந்தார்கள். ஒரு அம்மாள் தன் முந்தானையில் பொறுக்கி வந்து கொட்டினார். இது என்ன, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரோ ஒருவருக்கு வேண்டியது கீழே கொட்டிவிட்டது, அவர்களுக்கு அது போதும். இருவரும் ஏறி, வண்டி கிளம்பிய பிறகு சீட்டில் உட்கார்ந்து எண்ணினார்கள். நூலகக் கட்டு இருநூற்றுப் பன்னிரண்டு, அவர் கட்டு தொண்ணூற்று மூன்று, கிணறு அறுபத்து நாலு, போர்வெல் இடங்கள் பதினொன்று. ஆக மொத்தம் முந்நூற்று எண்பது. கையில் இருந்தது முந்நூற்று எழுபத்தொன்பது. எண்ணி முடிக்கும்போது அடுத்த கம்பார்ட்மெண்டிலிருந்து காபி விற்கிறவர் கதவு கதவாகத் தாவி வந்து ஒரு அட்டையை நீட்டினார்.

"உங்குளுதா பாருங்க. சக்கரத்தாண்ட கெடந்துச்சு."

இது ரொம்ப இனிப்பாக இருக்கிறது, யாரும் நம்பமாட்டார்கள் என்று சொன்னேன். "நடந்தது சார், நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் மனோரமா.

7

எண்ணிக்கை சரி. ஆனால் முந்நூற்று எண்பதும் ஒரே குவியல். அட்டையின் தலைப்பில் எழுத்து அச்சாகியிருந்தால் படித்துப் பிரிக்கலாம். துளை போட்டபோது மை நாடா தீர்ந்திருந்ததால் மனோரமாவின் அட்டைகளில் எழுத்து விழவில்லை. நூலக அட்டைகளில் எழுத்தே கிடையாது. எல்லாம் வெறும் துளைகள். மனோரமாவுக்குத் துளையைப் படிக்கத் தெரியும், ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த நூலக அட்டைகளின் துளையோ மெஷினுக்குத்தான் புரியும், மனிதருக்கு இல்லை. சென்னைக்கு மூன்று மணி நேரம். மெஷின் நேரம் மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை. அடுத்த நேரம் அடுத்த மாதம்.

மனோரமா அழவில்லை. (எழுதியிருந்தேன், அடித்துவிட்டார்.) மடியில் குவியலை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரப்பர கழட்டுனது நாந்தான்" என்றார் அமீர் பாஷா.

 அவரைத் தேற்றுகிற தெம்பு தனக்கு அப்போது இல்லை என்றார் மனோரமா என்னிடம்.

அமீர் பாஷா சும்மா இருக்க முடியாமல் ஒரு அட்டையை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நகர்த்தினார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை லேசாக வளைத்தார். பிறகு முதலில் எடுத்ததைத் திரும்ப எடுத்தார்.

"இது வேற மாடு, டாக்டரம்மா."

"இன்னா பாய்?"

"இதும் அதும் ஒரு மாட்டுத் தோல் இல்ல. இது கொஞ்சம் தடிப்பு, மொறப்பா நிக்குது. அது நம்மூர் சரக்கு, கை வெச்சா தொய்யுது."

மனோரமா தொட்டுப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. நூலகக் கட்டு கடல் தாண்டி வந்தது, அங்கே செய்த அட்டை. அவருடையது இங்கே வாங்கியது. அமீர் பாஷா கண்ணை மூடிக்கொண்டார். டேனரியில் அப்படித்தான் செய்வாராம், கண் திறந்திருந்தால் நிறம் ஏமாற்றும் என்று. இடது பக்கம், வலது பக்கம், இடது, இடது, வலது. எதிரில் இருந்த குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அரை மணி நேரம். எண்ணிப் பார்த்தார்கள்.

இடது பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.

மனோரமா இரண்டாவது தடவையும் எண்ணினார். "அதே தான் பாய்" என்றார். அமீர் பாஷா கண்ணைத் திறந்து, கட்டை மடியில் தட்டி ஓரத்தைச் சீராக்கினார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது, மேல் ஓரத்தில் நீலமாக, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு புள்ளி, ஒன்றில் இடது பக்கமாக, ஒன்றில் நடுவில், ஒன்றில் வலது பக்கமாக.

"யாரோ பேனா உதறியிருக்காங்க" என்றார்.

மனோரமா கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் வீட்டில் தறிக்குப் பாவு ஓட்டும்போது இழை வரிசை கலையாமல் இருக்க அப்பா நடுவில் கயிறு கோத்து வைப்பார். இதுவும் அதுதான். அனுப்பிய ஆள் கட்டை அடுக்கி, மேல் ஓரத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்திருக்கிறார். கட்டு கலைந்தாலும் கோடு சேரும்படி அடுக்கினால் வரிசை திரும்பிவிடும். அந்த ஆள் காட்பாடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் எங்கேயோ ஒரு நாள் யார் கையிலிருந்தாவது இது விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு பேரும் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளை இடமிருந்து வலமாக அடுக்கினார்கள். எதிர் சீட்டுக் குடும்பம் இடம் விட்டு, ஒரு துண்டையும் விரித்துக் கொடுத்தது. கிணற்று அட்டைகள் எந்த வரிசையில் இருந்தாலும் கூட்டல் ஒன்றுதான். இடங்களின் பதினொன்று பொறுக்கி எடுக்கிற அளவுதான். தன் தொண்ணூற்று மூன்றை மனோரமா துளை பார்த்து, மனப்பாடத்தில் அடுக்கினார். பெரம்பூர் வரும்போது கடைசி ரப்பர் பேண்டைப் போட்டார். பொட்டலத்தில் ஒன்றுகூடக் குறையாமல் அமீர் பாஷா கொண்டுவந்திருந்தார்.

8

ஜும்மா தொழுகையை முடித்துக்கொண்டு அமீர் பாஷா இரண்டரைக்கு வந்து சேர்ந்தார். மெஷின் அறைக்குள் செருப்போடு வரலாமா என்று கேட்டார். வரலாம் என்றார் சுந்தரமூர்த்தி. இருந்தாலும் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

மூன்று மணி. பழையதைத் துடைத்தார்கள். மொழிக் கட்டு போனது. மனோரமாவின் கட்டு போனது, மெஷின் அதைத் தன் பாஷைக்கு மாற்றிப் புதிதாக ஒரு கட்டு துளை போட்டுத் தள்ளியது. அதைத் திரும்ப உள்ளே கொடுத்தார்கள். அதன் பின்னால் நூலகக் கட்டு. சடசடவென்று போய்க்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது. விளக்கு எரிந்தது.

"நூத்தி நாப்பதுக்கு மேல எங்கியோ ரெண்டு கார்டு மாறியிருக்கு" என்றார் சுந்தரமூர்த்தி.

மூன்று பேரும் குனிந்தார்கள். இரண்டு புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தன. மாற்றிப் போட்டார்கள். முதலிலிருந்து கொடுத்தார்கள். இந்தத் தடவை நிற்கவில்லை. கிணறுகள் போயின, இடங்கள் போயின.  மூன்று முப்பத்தாறுக்கு டைப்ரைட்டர் தானாகவே அடிக்க ஆரம்பித்தது. (என் தொழிலுக்கு அது நல்ல செய்தி இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.)

பதினோரு எண்கள். ஐந்நூறுக்குக் கீழே என்றால் குடிக்கலாம். தென்னந்தோப்பு, இரண்டாயிரத்து நூற்று நாற்பது. ஐந்நூறுக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு இடம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், குன்று அடிவாரத்தில் கூலிக்காரர் கன்னியப்பன் குடியிருக்கிற மேடு. நானூற்றுப் பத்து.

அமீர் பாஷாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மனோரமா எதைச் சொன்னாலும் அவர் நம்புவார். அது மனோரமாவுக்கும் தெரியும்.

"நம்ம தெரு இன்னா வந்துது டாக்டரம்மா?"

"ஆயிரத்து எழுநூத்தி அறுவது."

"கம்மியா ஜாஸ்தியா?"

"ஜாஸ்தி பாய்." பிறகு கன்னியப்பன் மேட்டைச் சொன்னார். அது அவர் தெருவிலிருந்து ஒரு மைல் இருக்கும். நசீமுன்னிசாவின் நடையில் அரை மைல் குறையும், அவ்வளவுதான்.

அமீர் பாஷா கிணற்று அட்டைகளின் கட்டைக் கையில் எடுத்தார்.

"இன்னொரு வாட்டி ஓட்ட முடியுமா?"

மனோரமா சுந்தரமூர்த்தியைப் பார்த்தார். பதினெட்டு நிமிடம் இருந்தது.

"மிஷினு மேல சந்தேகம் இல்ல" என்றார் அமீர் பாஷா. "எங்களாண்ட ஒரு வழக்கம். பெரிய சரக்கா இருந்தா ரெண்டு வாட்டி பிரிப்போம். ரெண்டாவது வாட்டி கட்ட தலைகீழா திருப்பிப் போட்டு, யார் சரக்குன்னு பாக்காம. ரெண்டு வாட்டியும் ஒரே தரம் வந்துச்சுன்னா, அதுக்கப்புறம் மொதலாளியே வந்து கேட்டாலும் மாத்த மாட்டோம்."

கிணற்று அட்டைகளைத் தலைகீழாகத் திருப்பி, மனோரமா மறுபடி கொடுத்தார். மூன்று ஐம்பத்து நாலுக்கு அதே பதினோரு எண்கள் வந்தன.

"அப்ப சரி" என்றார் அமீர் பாஷா. "அதுக்கு மேல பேச்சு இல்ல." பிறகு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்த வேற மாட்டுக்காரருக்கு லெட்டர் போடுவீங்க இல்ல? அந்தக் கோடு போட்டவருக்கும்தான். என் சலாமையும் சேத்துப் போடுங்க" என்றார்.

அந்த லெட்டரை நான்தான் டைப் அடித்தேன். சலாமை விடவில்லை. அறிக்கை அடித்து ஒரு மாதம் கழித்து, மனோரமா டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்ததற்குப் பிறகு.

9

திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாள் மேசைமேல் வைக்கப்பட்டது. ஜம்புலிங்கம் ஒரு மணி நேரம் பேசினார். 'தண்ணி மொண்டு குடுத்த பாயையே கேளுங்க, அவரு தெருவுலதான கேட்டாரு' என்றும் சொன்னார். அமீர் பாஷா எழுந்து, கன்னியப்பன் மேடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இது மினிட்ஸில் இருக்கிறது, அதையும் நான்தான் அடித்தேன். கமிட்டியின் முடிவும் அதுவே.

எனக்குத் தெரியாதது அதற்கு முந்திய சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலேயே, பெரியமேட்டில் மச்சான் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் மத்தியான வண்டியில் அமீர் பாஷா ஊருக்குத் திரும்பினார். வீட்டில் என்ன சொன்னார் என்று மனோரமா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) மிஷின் ரிப்பேர் என்று பொய் சொல்கிறார். [இரண்டு தடவை பிரித்த ஆள் அப்படிச் சொல்லமாட்டார். கிழித்துவிட்டேன்.]

ஆ) நசீமுன்னிசா சிரித்துக்கொண்டே, அரை மைல் மிச்சம்தானே, அதுவே பெரிசு என்கிறார். [அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. என் மனச்சாட்சி லேசாவதற்காக அவரை எப்படிச் சிரிக்க வைப்பேன்?]

இ) தெருக்கோடிக்கு நானூற்றுப் பத்து, மேட்டுக்கு ஆயிரத்து எழுநூற்று அறுபது என்று எண்களை மாற்றி அடிக்கிறேன். கதைதானே, என் கையில்தானே டைப்ரைட்டர். [அரை வரி அடித்தேன். முதல் தடவை ஒரு வரியை விட்டது என் சோம்பேறித்தனம். இது அதைவிட மோசம்.]

ஆகவே எழுதாமல் விட்ட இடம் இது. சனிக்கிழமை சாயங்காலம். அமீர் பாஷா காலித் தகரப் பெட்டியோடு தெருவுக்குள் வருகிறார். எதிரே நசீமுன்னிசா இரண்டாவது நடையை முடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்கிறார். அவர்கள் வீட்டில் உருது பேசுவார்கள், எனக்கு உருது வராது, தமிழில் எழுதுகிறேன்.

"மிஷினு இன்னா சொல்லுச்சு?"

இதற்கு அமீர் பாஷாவின் வாயில் ஒரு பதிலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடம் பாட்டில் சுமந்த மனிதர், முந்நூற்று எண்பது அட்டையைக் கண்மூடிப் பிரித்த மனிதர், அவருக்கு நான் நன்றி சொல்லத்தான் வந்தேன், வசனம் எழுத வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். எப்படிச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் அந்த அம்மாள் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள்.